கிராணி வருகிறார், சைக்கிளை விட்டு இறங்கு!

தோட்டத்துத் தபால்காரன் என்றால் சைக்கிள் ஓட்டுகிறவன் என்று நினைக்கிறவர்கள் தோட்டத்தைப் பார்க்காதவர்கள். அந்த வேலையில் பாதி, சைக்கிளை விட்டு இறங்குவது.

என்னைப் போலச் சைக்கிள் மிதித்து வயிறு வளர்த்தவர்களும், சைக்கிள்காரனிடம் காலை மிதிபடக் கொடுத்தவர்களும் இதைத் தாராளமாகப் படிக்கலாம். இரண்டு கட்சிக்கும் இதில் ஆறுதல் உண்டு. என் பெயர் சூசை. கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு வேலை. காலையில் பையைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போவேன். தபாலாபீசில் கடிதங்கள், பாசாரில் துரைக்கு ரொட்டி, பெரிய கிராணிக்கு மூக்குப்பொடி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்கள் சொல்லிவிட்ட வெற்றிலை, கருவாடு, கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு உச்சிப்பொழுதுக்குள் திரும்பிவிட வேண்டும். துரை என்றால் தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர். பெரிய கிராணி, ஆபீஸ் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர், துரைக்குக் கீழே இருந்தவர். கீழே என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். எங்களுக்கு இரண்டு பேரும் ஒரே உயரம்.

பெரிய சாலை வரைக்கும் தொல்லை கிடையாது. சாலையிலிருந்து ஆபீசுக்கும் ரப்பர் பால் ஸ்டோருக்கும் போகிற செம்மண் பாதைதான் தொல்லை. இரண்டு பேர் அடக்கமாக நடக்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் கால்வாயில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கால்வாய் உண்டு, ஆகவே அதற்குப் பஞ்சமில்லை. மாடு, கோழி, கங்காணி, பால் வாளி சுமக்கும் பெண்கள், நான், என் சைக்கிள் எல்லோருக்கும் அந்த ஒரே பாதை.

ஏற ஒரு கட்டை

தபால்காரன் ஆவதற்கு முன்னால் நானும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன்தான். சைக்கிள் வைத்திருந்தேன் என்ற ஒரே காரணத்துக்காக இந்த வேலை கிடைத்தது. அந்தச் சைக்கிள் நகரத்து ரயில்வே பேட்டையான பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைத்தது. என் அக்காள் புருஷனுக்கு ரயில்வேயில் வேலை, குவார்ட்டர்ஸில் வாசம். அவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ரயில்வே கிராணி ஒருவர் தென்னைமர உயரம். அவர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது தன் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நானோ குள்ளம். ஓட்டுவதைப் பற்றிக் கேட்காதீர்கள், இடுப்பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டி எப்படியோ ஓட்டிவிடுவேன். ஏறுவதுதான் பெரும்பாடு. பின்னால் பை உயரமாகக் கட்டியிருக்கும், காலைச் சுழற்றிப் போட வழியில்லை. ஏதாவது ஒரு மேட்டில் நின்றுதான் ஏற வேண்டும். சாலையில் மைல்கல், பாதையில் வெட்டுப்பட்ட மரத்தின் அடிக்கட்டை, கால்வாய்ப் பாலத்தின் திட்டு, இவைதான் என் ஏணிகள். இறங்குவது சுலபம், ஒரு பக்கமாகச் சாய்ந்தால் போதும். ஆனால் இறங்கிய இடத்தில் கட்டை இல்லையென்றால் அடுத்த கட்டை வரைக்கும் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும்.

கிள்ளானில் ஒரு சீனர் சைக்கிள் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். சைக்கிளைக் கொண்டுபோய், ஆசனத்தை இறக்கித் தாருங்கள் என்றேன். திருகிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், அது ஏற்கெனவே அடிமட்டத்தில்தான் இருந்தது. பிறகு என்னை உச்சி முதல் பாதம் வரை அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சைக்கிள் வெட்ட முடியாது லா, தம்பி. நீ வேற கால் வாங்கிட்டு வா, நான் மாட்டித் தரேன்."

மழையும் மரியாதையும்

தோட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். அவர் கடந்து போன பிறகு ஏறிக்கொள்ளலாம். பால் வெட்டுகிற காலத்தில் எனக்குக் குடையும் கிடையாது, சைக்கிளில் போக நேரமும் கிடையாது, ஆகவே இந்தச் சட்டம் என் மேல் படவில்லை. தபால்காரன் ஆன பிறகு தினமும் பட்டது. கட்டை கண்ணுக்கெட்டும் தூரம்வரை இல்லாத இடமாகப் பார்த்துத்தான் பெரிய கிராணி எதிரே வருவார்.

ஒரு நாள் நல்ல மழை. ஒரு கையில் குடை, ஒரு கையில் சைக்கிள், பைக்குள் துரையின் ரொட்டி. பெரிய கிராணி தன் பெரிய கறுப்புக் குடையின் கீழே சாவகாசமாக வந்தார். நான் சாய்ந்து இறங்கி, குடையை மடக்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போயிருக்கலாம். போகவில்லை. பையில் என்னென்ன கடிதம், கிள்ளானில் அரிசி எப்படி, மூக்குப்பொடி புதுசா பழசா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ரொட்டி ஊறிக் களியாகிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளே கோபம் கொதித்தது. அடக்கமாகவே கேட்டேன், மழை விடும்வரை குடையை விரித்துக்கொள்ளட்டுமா என்று. அவர் தன் குடையின் கீழிருந்து சொன்னார்: "ஏன், மழை பேஞ்சா மரியாதை கரைஞ்சு போயிடுமா?"

வாளியும் திரும்பியது

பாக்கியம் அக்காவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பால் வெட்டும் பெண்களில் முதல் ஆள் அவர். வாய்க்கும் முதல் ஆள். வெட்டிய பாலை இரண்டு வாளிகளில் நிரப்பி, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் மாட்டி, கம்பைத் தோளில் வைத்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். நான் கிள்ளானிலிருந்து திரும்புகிற நேரமும் அவர்கள் பால் சுமக்கிற நேரமும் ஒன்று. அன்று அக்கா தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து மரியாதையாக மணி அடித்தேன். யார் என்று அக்கா திரும்பினார். நடக்கும்போது ஒரு வாளி முன்னால், ஒரு வாளி பின்னால் என்று அடக்கமாக இருக்கிற கம்பு, ஆள் திரும்பினால் பாதைக்குக் குறுக்கே வந்துவிடும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முதல் வாளி என் நெஞ்சில், இரண்டாவது என் தலையில். கால்வாயிலிருந்து எழுந்தபோது நான் வெள்ளைக்காரனாகிவிட்டேன். தலைமுடியில் பால் உறைந்து ரப்பராகிவிட, மொட்டையடிக்க வேண்டியதாயிற்று. வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டுதலா என்று லயமே விசாரித்தது.

பெரிய கிராணி சிரிக்கவில்லை. ஆபீசுக்குக் கூப்பிட்டு, இனிமேல் அந்தப் பாதையில் சைக்கிளால் ஒரு சொட்டுப் பால் கொட்டினாலும் தோட்டத்துக்குள் சைக்கிளே கூடாது என்றும், நான் பழையபடி வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போகலாம் என்றும் சொன்னார். பால் வெட்டுவது இழிவு என்று சொல்ல மாட்டேன், என் வீட்டில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் தினமும் காற்று முகத்தில் அடிக்கக் கிள்ளானுக்குப் போய் வந்தவன் நான். அந்தச் சைக்கிள் மேல் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு நிமிர்ந்த முதுகு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அதை விட எனக்கு மனசில்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். என் மொட்டையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பின்னாலேருந்து மணி அடிச்சா மாடுகூடத் திரும்பிப் பாக்கும்டா சூசை. நான் திரும்பினா என்கூட ரெண்டு வாளியும் திரும்பும்!"

முதுகுக்கு முறை சொல்வது

அக்காவே வழியும் சொன்னார். பின்னாலிருந்து மணி அடிக்காதே. இன்னாரென்று முறை வைத்துக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் வருகிறாய் என்று சொல். நாங்கள் திரும்ப மாட்டோம், நேராகவே போவோம். சுமை உள்ளவருக்குப் பாதை, சும்மா வருகிறவன் ஒதுங்க வேண்டும். சுலபமாகத்தான் தெரிந்தது. ஆனால் முறை வைத்துக் கூப்பிட, முதுகைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டுமே. கொஞ்ச நாளில் தோட்டத்து முதுகுகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். "அக்கா, வலப்பக்கம் வரேன்!" "மாமா, வலப்பக்கம்!" "மதினி, ஆடாமப் போங்க!" என்று நான் குரல் கொடுக்க, அவர்கள் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி "வா, வா" என்பார்கள். ஊர்வலம் போகிற மாதிரி இருக்கும். கிள்ளானிலிருந்து வரும்போதே தொண்டையைக் கனைத்துச் சரிபண்ணிக்கொள்வேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரே ஒரு முறை முதுகு என்னை ஏமாற்றிவிட்டது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு பருத்த உருவம், தோளிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி, தலையில் துண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை ஆயாதான் என்று முடிவு கட்டி, "ஆயா, வலப்பக்கம் வரேன், ஆட்டாம அசைக்காமப் போ!" என்று கத்தினேன். உருவம் கையைத் தூக்கியது. பக்கத்தில் வந்து பார்த்தால், மார்புவரை தாடி! மாதம் ஒரு முறை எங்கள் லயத்துக்குப் பூசை வைக்க வரும் பிரெஞ்சுச் சாமியார். சைக்கிளோடு அவர் காலடியிலேயே விழுந்தேன். சாமியார் என்னைத் தூக்கி நிறுத்தி, தமக்குத் தெரிந்த புத்தகத் தமிழில் சொன்னார்: "வலது பக்கமே வருவாயாக, மகனே. தீர்ப்பு நாளிலே இடது பக்கம் நிற்பவர்களின் பாடு எனக்குத் தெரியும்."

பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியவன்

அக்காள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் போயிருந்தேன். அத்தானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். அது நல்ல சைக்கிள், கால் எட்டுகிற சைக்கிள். சாலை முழுவதும் சைக்கிள்கள். ரயில்வே ஆபீஸ் கிராணிகள் வரிசையாகப் போகிறார்கள், ரிக்‌ஷா போகிறது, ஓரத்தில் ஜனங்கள் நடக்கிறார்கள், யாரும் யாருக்காகவும் இறங்கவில்லை. எனக்குப் பார்க்கப் பார்க்க ஆனந்தம். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிதித்தேன்.

அப்போது எதிரே நடைபாதையில் ஒரு தொப்பி. துரைமார்கள் வெயிலுக்கு வைக்கிற வெள்ளைத் தொப்பி. என் மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே கால் தரையில் இருந்தது. சட்டென்று சாய்ந்து இறங்கி, நடுச் சாலையில் விறைத்து நின்றேன். என் பின்னால் வந்த துணி வியாபாரி, மாமாக் என்று அங்கே சொல்கிற தமிழ் முஸ்லிம், தன் சைக்கிளோடும் துணி மூட்டையோடும் என் மேலேயே ஏறிவிட்டார். மூட்டை மெத்தென்று இருந்ததால் இரண்டு பேரும் பிழைத்தோம். "நடு ரோட்டுல யாருக்குப்பா கும்பிடு?" என்று அவர் கத்த, நான் தொப்பியைக் காட்டினேன். தொப்பிக்குக் கீழே இருந்தது நம்ம ஊர் முகம். யாரோ ஒரு துரை வீட்டுச் சமையல்காரர். துரை தூக்கிப்போட்ட பழைய தொப்பியை வைத்துக்கொண்டு கோழி வாங்கிக்கொண்டு போகிறார். மாமாக் தலையில் அடித்துக்கொண்டார். சமையல்காரரோ கோழியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்: "எனக்காக இறங்கின மொத ஆளு நீங்கதான் அண்ணே. இன்னும் ஒரே ஒரு தடவை ஏறி இறங்குங்க, எங்க வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்துடறேன்!"

பச்சைச் சைக்கிள்

நான் திரும்பி வந்தபோது தோட்டத்தில் ஒரு அதிசயம் நடந்திருந்தது. பெரிய கிராணி சைக்கிள் வாங்கிவிட்டார். பச்சை நிறம், புத்தம் புதுசு, ஆபீஸ் வராந்தாவில் மாலை போட்டு நிறுத்தியிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி வாங்கிவிட்டாராம், அதனால். சாயங்காலம் ஸ்டோருக்குப் பின்னால் யாரும் இல்லாத இடத்துக்கு என்னைக் கூப்பிட்டு, ஆசனத்தைப் பிடித்துக்கொள் என்றார். அவர் மேலே, நான் கீழே பிடித்துக்கொண்டு ஓட்டம். அவரோடு இருக்கும்போது இறங்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை அது ஒன்றுதான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மனிதர் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். நேராகப் போகத் தெரிந்துவிட்டது. ஆனால் நிற்கத் தெரியவில்லை. பிரேக் என்று ஒன்று இருப்பது ஓடும்போது அவருக்கு மறந்துபோகும். நிற்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ரப்பர் மரத்தை நோக்கிப் போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். நான் ஓடிப்போய் மரத்திலிருந்து அவரைப் பிரித்து எடுப்பேன். "ஐயா, பாதைக்குப் போறதுக்கு முன்னாடி இறங்கறதையும் பழகிடலாமே" என்று பணிவாகச் சொன்னேன். அவர் சட்டையில் ஒட்டிய பாலைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்: "இறங்கறதைப் பழகி நான் என்ன செய்ய? துரை காரில போறவரு. வேற யாருக்குடா நான் இறங்கணும்?"

இறங்காதே!

அந்த நாளும் வந்தது. நான் கிள்ளானிலிருந்து பை நிறையச் சாமானோடு வந்துகொண்டிருந்தேன். பாதையில் பால் வாளியோடு பெண்கள் வரிசை, கடைசியில் பாக்கியம் அக்காவின் பக்கத்து வீட்டு மதினி, எல்லோருக்கும் முன்னால் அக்கா. "மதினி, வலப்பக்கம்!" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு முறையாகச் சொல்லிக் கடந்து, அக்காவுக்கும் முன்னால் வந்து இடப்பக்கம் சேர்ந்தேன். அதே நேரத்தில் ஆபீஸ் மேட்டிலிருந்து பச்சைச் சைக்கிள் இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய கிராணி நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சரிவில் சைக்கிள் தானாகவே வேகம் எடுத்துக்கொண்டது.

அன்புள்ள சக துக்கக்காரர்களே, என் நிலைமையைப் பாருங்கள். இறங்காவிட்டால் அவமரியாதை, வேலை போகும். இறங்கினால், சைக்கிளும் அதன் பக்கத்தில் நானும் நின்றால், பாதை அடைபட்டுவிடும். நிற்கத் தெரியாத கிராணி என் மேல் விழுவார், நான் அக்கா மேல் விழுவேன், வரிசை முழுவதும் பால் கொட்டும், சைக்கிளுக்குத் தடை, அப்போதும் வேலை போகும். என் கால்களோ வழக்கப்படி இறங்கத் துடிக்கின்றன. தூரத்திலிருந்து கிராணியும் வழக்கப்படியே கத்தினார்: "இறங்குடா! சூசை, இறங்கு!" நான் சாயவே ஆரம்பித்துவிட்டேன். பின்னாலிருந்து அக்காவின் குரல்: "இறங்கித் தொலைச்சிடாதேடா, பால் கொட்டிடும்!" அதற்குள் கிராணி பக்கத்தில் வந்துவிட்டார். பாதையின் அகலத்தையும் வாளிகளையும் பார்த்தார். கண் இரண்டும் முட்டை அளவு ஆயின. "இறங்காதே! இறங்காதேடா, டேய்!" என்று அலறினார்.

நான் நிமிர்ந்துகொண்டேன். "எல்லாரும் இடப்பக்கம்! யாரும் திரும்பாதீங்க, நிக்காதீங்க!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். ஒரு பெண்கூடத் திரும்பவில்லை. வாளிகள் முன்னும் பின்னுமாக அப்படியே அடங்கிப் போயின. பச்சைச் சைக்கிள் என் கைப்பிடியை உரசுகிற மாதிரி வந்து, ஒவ்வொரு வாளியையும் ஒட்டி ஒட்டிப் போய், கடைசி வாளியையும் தாண்டிவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்டது தப்பு. வரிசைக்குப் பின்னால், கார் சாலையோரச் சேற்றில் மாட்டிக்கொண்டதால், நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார் துரை.

பெரிய கிராணி பதறினார். இறங்க வேண்டும். தெரியாது. சலாம் வைக்க ஒரு கையை எடுத்தார், சைக்கிள் வளைந்தது. கையைத் திருப்பி வைத்த இடத்தில் மணி இருந்தது. துரையைப் பார்த்துக் கிணிகிணியென்று மணி அடித்துக்கொண்டே போனார். துரை நாயோடு கால்வாயை ஒரே தாண்டாகத் தாண்டி ரப்பர் மரத்துப் பக்கம் போய்விட்டார். கிராணி பெரிய சாலை முனை வரைக்கும் போய், வழக்கம்போல ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நல்லவேளையாகத் துரைக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். தோட்டத்துத் தமிழில் கேட்டார், "கிராணி ஏன் நிக்கலே?" என்று. பாக்கியம் அக்கா திரும்பாமலே, வாளி அசையாமலே பதில் சொன்னார்: "அவருக்கு ஏறத்தான் தெரியும் துரை, இறங்கத் தெரியாது!"

வலப்பக்கம் வரேன்

அன்று பிற்பகல் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. என் கதை முடிந்தது என்றே போனேன். போகும்போது சைக்கிளைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனேன், சிரிக்காதீர்கள். பெரிய கிராணி மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீ ஏண்டா எனக்கு இறங்கலை?" என்றார். "ஐயாதான் இறங்காதேன்னு உத்தரவு போட்டீங்க" என்றேன். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. "ஆமா, நான்தானே சொன்னேன்? பால் கொட்டக் கூடாதுன்னுதானே சொன்னேன்?" என்றார். ஆமாம் ஐயா, ஆமாம் என்றேன். துரைக்குச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, என் வாயிலிருந்து அது கிடைத்துவிட்டது.

மறுநாள் விடிகாலை எல்லோரும் கூடுகிற பெரட்டில், பெரிய கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். பாலுக்குச் சேதம் வராமல் இருக்க, இனிமேல் அந்தப் பாதையில் சைக்கிளில் வருகிறவர்கள் யாருக்காகவும் இறங்க வேண்டாம். இடப்பக்கமாகவே போக வேண்டும். பின்னாலிருந்து மணி அடிக்கக் கூடாது, முறை சொல்லி, பக்கம் சொல்லிக் கூப்பிட வேண்டும். சுமை உள்ளவருக்குத்தான் பாதை. எல்லாம் அவரே ராத்திரி முழுவதும் யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி சொன்னார். பாக்கியம் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் விலாவில் ஒரு குத்து விட்டார். பாதைக்கு மட்டும்தான் இந்த உத்தரவு, ஆபீஸ் வாசலில் பழையபடி இறங்கத்தான் வேண்டும். இருந்தாலும் பாதைதான் நீளம், வாசல் குட்டை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு தூறல் நாளில் கிள்ளானிலிருந்து வந்துகொண்டிருந்தேன். முன்னால் பெரிய கறுப்புக் குடை நடந்து போய்க்கொண்டிருந்தது. சேற்றில் பச்சைச் சைக்கிளை எடுக்க அவருக்குப் பயம். அந்த இடத்தில் கட்டை ஒன்றும் கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கையில் என் குடை விரிந்தபடியே இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, "ஐயா, வலப்பக்கம் வரேன்!" என்றேன். கறுப்புக் குடை ஒரு நொடி அப்படியே நின்றது, பிறகு இடப்பக்கமாக ஒதுங்கியது. நான் இறங்காமல், குடையை மடக்காமல், பெரிய கிராணியைக் கடந்து போனேன். துரையின் ரொட்டி நனையவில்லை. கண் மட்டும் ஏனோ நனைந்திருந்தது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து, மற்ற எல்லோரும் சொல்கிற மாதிரியே, அவர் குரல் வந்தது: "வா, வா. பாத்துப் போ, சூசை."

நடக்கிறவரும் மிதிக்கிறவரும் ஒரே பாதையில் சந்தோஷமாகப் போய்வர மணியும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம், இறங்கத் தெரியாத ஒரு பெரிய கிராணி இருந்தால் போதும் என்பது இத்தனை வருஷம் மிதித்ததில் நான் கண்டது.